போணிக்குக் காத்திருந்த தெரு

இதை எழுத எனக்குத் தகுதியில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அரசாங்கம் எப்போது செலவு செய்ய வேண்டும், வரியை எப்போது குறைக்க வேண்டும் என்பதெல்லாம் படித்தவர்கள் பேச வேண்டிய விஷயம். நான் நாலு பேர் கூடிய இடத்தில் பெயரைக் கேட்டால்கூடக் குரல் எழும்பாத ஆள். ஆனாலும் மயிலாப்பூரில் நான் வேலை பார்த்த கடையில், வியாபாரம் படுத்துப்போன அந்த மாதங்களில் நடந்ததை வேறு யாரும் எழுதப்போவதில்லை. அதனால் எழுதுகிறேன். தப்பாக ஏதாவது சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோயில் குளத்திலிருந்து கொஞ்ச தூரம் தள்ளி, ஒரு குறுக்குத் தெருவில் இருந்தது கடை. மிக்ஸி, ஃபேன், கிரைண்டர், டிவி. பிளக், பல்பு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாதிரி சில்லறைச் சாமானும் உண்டு. முதலாளியைத் தெருவே அண்ணாச்சி என்று கூப்பிடும். திருச்செந்தூர் பக்கத்திலிருந்து சின்ன வயதில் வந்தவர். நான் பில் போடுவேன், ஃபோன் எடுப்பேன், தூசி தட்டுவேன். சைதாப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து போவேன். வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மாவின் மாத்திரையிலிருந்து வாடகை வரைக்கும் அந்தக் கடையை நம்பித்தான்.

அண்ணாச்சிக்கு ஒரு வழக்கம். முதல் வியாபாரம், அதாவது போணி, ஆகும்வரை கடையிலிருந்து ஒரு ரூபாய் வெளியே போகக்கூடாது. யார் சில்லறை கேட்டாலும் கிடையாது. டீகூடக் குடிக்க மாட்டார். வாசல் படியோரம் உட்கார்ந்து பூ விற்கும் அக்காவிடம் சாமி படத்துக்கு ஒரு முழம் வாங்குவதும் போணிக்கு அப்புறம்தான். வியாபாரம் நன்றாக நடந்த காலத்தில் இது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. கடையைத் திறந்து ஊதுபத்தி அணைவதற்குள் யாராவது ஒரு பல்பாவது வாங்கிக்கொண்டு போவார்கள். உடனே எதிரில் இருக்கும் டீக்கடைக்குக் கையைக் காட்டுவார். டீ வரும், பூ வரும், அவரவர் வேலை ஓடும்.

அந்த வருஷம் ஊதுபத்தி அணைந்த பிறகும் யாரும் வரவில்லை. முதலில் பத்து மணி, பிறகு பதினொன்று, அப்புறம் மதியம் என்று அண்ணாச்சியின் டீ தள்ளிப்போனது. டீக்கடைக்காரர் சலித்துக்கொண்டார். பூக்கார அக்கா இன்னொரு பக்கம் மடக்கினார்.

"நைனா, நீ பூ வாங்கினா நான் டீ குடிப்பேன். டீக்கடைக்காரரு என்கிட்ட டீ வித்தா உன்கிட்ட லைட்டு வாங்கிப்பாரு. அவரு கடையில டியூப்லைட்டு கண்ணடிச்சிகினு கீது, பாக்கல? நீ போணி ஆவட்டும் ஆவட்டும்னு உக்காந்துகினா தெருவே உக்காந்துகினு கீது."

"அதுக்கு? மொத மொத நான் கைவிட்டு எடுக்க முடியுமா? அது ஒரு முறை இருக்குல்லா."

"முறையைக் கட்டிகினு அழு."

ஆண்கள் எல்லோரையும் நைனா, பெண்களை யக்கா என்றுதான் அவர் கூப்பிடுவார். அண்ணாச்சியும் கோபித்துக்கொண்டதில்லை.

எங்கள் கடைச் சுவர் முழுக்க டிவி. காட்சிக்காக எல்லாவற்றிலும் ஒரே செய்திச் சேனல் ஓடும். அதனால் பொருளாதார மந்தநிலை என்ற வார்த்தையை நான் தினமும் கேட்டேன். எங்கள் வீட்டில் மந்தம் என்றால் குழந்தைக்கு வயிறு சரியில்லை என்று அர்த்தம். வசம்பு உரைத்துக் கொடுப்பார்கள். நாட்டுக்கு மந்தம் வந்தால் யார் எதைக் கொடுப்பார்கள் என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் கண்ணாடி போட்ட ஒருவர், பெரியதும் சிறியதுமாக அத்தனை டிவியிலும் ஒரே நேரத்தில் கையை ஆட்டிப் பேசினார். மக்கள் பயந்துபோய்ச் செலவைக் குறைக்கும்போது அரசாங்கமும் குறைத்தால் இன்னும் மோசமாகும், அந்த நேரத்தில் அரசாங்கம்தான் செலவு செய்ய வேண்டும் என்றார்.

பூக்கார அக்கா படியிலிருந்தபடியே எட்டிப் பார்த்தார். "இன்னா யக்கா சொல்றாரு இந்தாளு?"

சொன்னேன்.

"அப்போ கவுர்மென்ட்டு வந்து போணி பண்ணணும்ன்றாரு."

"ஆமாக்கா. அந்த மாதிரிதான்."

"அதுக்குக் கைராசி கீதா இன்னா?"

அண்ணாச்சி அன்றைக்கு வெகு நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தார். போணி ஆகாமலே சிரித்தார்.

சொன்னது போலவே அரசாங்கம் எங்கள் தெருவுக்கு வந்தது. மெட்ரோ ரயில் வேலைக்காகத் தெருமுனையை மறித்துத் தகரத் தடுப்பு வைத்தார்கள். கார் உள்ளே வர முடியாது. ஆட்டோ சுற்றி வர வேண்டும். வழக்கமாக வருகிற மாமிகள், வயதானவர்கள் எல்லாம் தடுப்பைப் பார்த்துவிட்டு வருவதை நிறுத்திவிட்டார்கள். இருந்த கொஞ்சம் வியாபாரமும் போயிற்று என்று நினைத்தேன்.

ஆனால் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நுழைகிற இடைவெளி இருந்தது. அதன் வழியாக வேலை செய்கிற வடநாட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மஞ்சள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, சார்ஜர்" என்பார்கள். ஊருக்குப் பேச சார்ஜர், தங்கியிருக்கும் ஷெட்டுக்கு டேபிள் ஃபேன், ஏழெட்டு பேர் சேர்ந்து ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அவர்கள் சம்பளத்தில் பெரும்பங்கு ஊருக்குத்தான் போகும். மீதியில்தான் இதெல்லாம். ஆனால் வேலைக்குப் போவதற்கு முன்னால் காலையிலேயே வந்துவிடுவார்கள். அண்ணாச்சியின் டீ மறுபடியும் காலைக்கு வந்தது. டீக்கடைக்காரர் அவர்களுக்காகப் பொரித்த பன் போட ஆரம்பித்து, டியூப்லைட்டையும் மாற்றினார். பழைய வாடிக்கைக்காரர்களைத் தடுத்து நிறுத்தியதும் அதே வேலைதான், புது ஆட்களைக் கொண்டுவந்ததும் அதே வேலைதான். எது அதிகம் என்று எனக்குக் கணக்குப் பார்க்கத் தெரியவில்லை.

"கைராசி கீது யக்கா," என்றார் பூக்கார அக்கா. அவரிடமும் ஓர் ஆள் தினமும் ஒரு முழம் மல்லி வாங்கி, ஷெட்டுக்குள் மாட்டியிருந்த அம்மன் படத்துக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

கோடை முடிகிற நேரத்தில் ஒரு காலை அந்த இடைவெளியில் யாரும் வரவில்லை. வேலை அடையாறு பக்கம் போய்விட்டது, ஆட்களையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று டீக்கடைக்காரர் சொன்னார். தடுப்பை மட்டும் எடுக்கவில்லை. அண்ணாச்சி வாசலில் நின்று அந்தத் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவர் டீ குடிக்கவில்லை.

அந்த வாரம்தான் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"யம்மா, கட்டடக்காரவுக கேக்காவ. புதுசா வாடகை ஒப்பந்தம் போடுதியளா, சாவியக் குடுக்குதியளான்னு. நவராத்திரி வரைக்கும் தவணை கேட்டிருக்கேன். அதுக்குள்ள யாவாரம் எந்திரிச்சா கடை. இல்லன்னா ஒண்ணும் செய்ய முடியாது பாத்துக்க."

நான் சரிங்க என்றேன்.  பஸ்ஸில் வரும்போது சொல்ல வேண்டியது எத்தனையோ ஞாபகம் வந்தது.

அடுத்து நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரிவதில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு மாமி இருந்தார். எங்களிடம் மிக்ஸி, ஃபேன் எல்லாம் வாங்கியவர். அந்த வருஷ ஆரம்பத்தில் வருமான வரியைக் குறைத்தபோது, "மாமி ஆத்துல பையன் கையில காசு நிக்கும், பெரிய டிவி எடுப்பாவ பாரு" என்று மாமி பேச்சைக் கொஞ்சம் கலந்து சொன்னார் அண்ணாச்சி. எடுக்கவில்லை. மாமியே வந்து காரணம் சொன்னார்.

"மிச்சமான வரியை அப்படியே பேங்க்ல போட்டுட்டான்மா. பெருங்குடி ஆபீஸ்ல தினம் நாலு பேரை ஆத்துக்கு அனுப்பிண்டிருக்கா. நாளைக்கு என் சீட்டுன்னு சொல்றான். கையில இருக்கறதை எப்படிச் செலவழிப்பான், சொல்லு."

அந்த மாமிதான் ஆடி முடிந்ததும் ஒருநாள் தடுப்பைச் சுற்றி நடந்தே வந்தார். பழைய டிவியில் பாதித் திரை கறுப்பாகிவிட்டது, மாமாவுக்குக் கிரிக்கெட் பார்க்க முடியவில்லை, பையன் போனால் போகிறது என்று சரி சொல்லிவிட்டான். அண்ணாச்சி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பெரிய டிவி ஒன்றை மாமி தேர்ந்தெடுத்தார். விலை பேசி முடிந்தது. நான் பில் புத்தகத்தைத் திறந்து மாமியின் விலாசத்தை எழுத ஆரம்பித்தேன். மாமி பர்ஸை எடுத்து, பையன் கொடுத்த கார்டைத் தேடினார்.

அப்போது சுவரில் இருந்த அத்தனை டிவியிலும் சிவப்புப் பட்டை ஓடியது. பண்டிகைக்கு முன்னால் சாமான்களின் மேல் உள்ள வரி குறையப்போகிறது என்று ஒரு பெண் படித்தாள். மாமி எடுக்க நினைத்த அந்த டிவியிலும்தான். பெரிய திரை, நல்ல சத்தம். ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது.

மாமி தலையைத் திருப்பிப் பார்த்தார். முழுதும் கேட்டார். அப்புறம் பர்ஸை மூடினார்.

"ஏன் அண்ணாச்சி, பெரிய டிவிக்கெல்லாம் குறையும்னுதானே சொல்றா?"

அண்ணாச்சிக்குப் பொய் வராது. "சொல்லுதாவ மாமி. எப்பம்னு தெரியல."

"பண்டிகைக்கு முன்னாடின்னா நவராத்திரிதான். கொஞ்ச நாள். பாதித் திரையில பந்து தெரியறது, பேட்ஸ்மேன் தெரியலை, அவ்வளவுதானே. பொறுத்துக்கறோம். வரும்போது உங்ககிட்டதான் வருவேன், கவலைப்படாதேள்."

மாமி மேல் தப்பில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். விலாசம் பாதி எழுதிய பில்லைக் கிழிக்கலாமா வைத்திருக்கலாமா என்று தெரியாமல் புத்தகத்தை மூடினேன்.

படியிலிருந்து குரல் வந்தது. "இன்னா நைனா, உன் டிவியே உன் வாயில மண்ணைப் போட்டுடுச்சி."

அண்ணாச்சி ரிமோட்டை எடுத்து எல்லாவற்றையும் பக்திச் சேனலுக்கு மாற்றினார். "இனிமே நியூஸ் போடாத," என்றார். அதற்குப் பிறகு சுவர் முழுக்கக் கோபுரமும் தேங்காயும் தீபாராதனையுமாகவே இருந்தது.

ஆனால் செய்தி எல்லோர் ஃபோனிலும் இருந்தது. மெட்ரோ ஆட்கள் போன பிறகு வந்துகொண்டிருந்த ஒன்றிரண்டு பேரும் வருவதை நிறுத்தினார்கள். மிக்ஸிக்கும் ஃபேனுக்கும் வரி குறையவே போவதில்லை என்று பிறகு தெரிந்தது. அதைச் சொன்னாலும் யாரும் நம்பவில்லை. ராயப்பேட்டையிலிருந்து மிக்ஸி வாங்க வந்த ஒருவர், "எல்லாத்துக்கும் குறையுதுன்றான், உனக்கு மட்டும் குறையாதா? விக்கணும்னு சொல்றியா?" என்று என்னைக் கேட்டார். நான் குனிந்துகொண்டேன். உண்மையைச் சொல்லும்போதும் பொய் சொல்கிற மாதிரிதான் என் முகம் இருக்கும். அவர் போய்விட்டார். வரியைக் குறைப்பது நல்லதற்குத்தான். அதை முன்கூட்டிச் சொன்னதும், காலையில் முதல் ஆள் கடைக்குள் வந்து எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்துவிட்டு "அப்புறம் வரேன்" என்று போவதும் ஒன்றாகிவிட்டது. ஊரே அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டது.

அந்த நாட்களில் நான் ஒரு காரியம் செய்தேன். சம்பளத்தில் பாதியை முந்தின நாள் சாயங்காலம் அண்ணாச்சி கொடுத்திருந்தார். மீதியை அப்புறம் தருகிறேன் என்று சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. காலையில் கடை திறக்கும் முன் பூக்கார அக்காவிடம் அதிலிருந்து ஒரு நோட்டைக் கொடுத்து, நேரே போய் ஒரு ஜீரோ பல்பு வாங்குங்கள் என்றேன். போணி ஆனால் அவர் டீ குடிப்பார், பூ வாங்குவார், மனசு கொஞ்சம் தெளிவார் என்று நினைத்தேன்.

அக்கா நன்றாகவே நடித்தார். "ஒரு லைட்டு குடு நைனா, வூட்ல இருட்டா கீது. பச்சைக் கலர் கீதா? சேப்பு? அது வோணாம், பச்சையே குடு." அண்ணாச்சி வேகமாக எழுந்து, பல்பை சாக்கெட்டில் மாட்டி எரியவிட்டுக் காட்டினார். பணத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனவர் அப்படியே நின்றார். நோட்டில் ஓரமாக ஒரு கிழிசல். முந்தின நாள் அவரே டேப் ஒட்டி எனக்குக் கொடுத்தது.

என்னைப் பார்த்தார். நான் ஃபோனைத் துடைத்தேன்.

"யம்மா," என்றார் மெதுவாக. "நம்ம சட்டப்பையில கிடந்ததை நம்ம கல்லாவுல போட்டா அது போணியா? வெளிய இருந்து வரணும்லா."

"மாட்டிகினியா யக்கா," என்றார் பூக்கார அக்கா. அண்ணாச்சி நோட்டை என் மேசையில் வைத்தார். பல்பை அக்காவே வைத்துக்கொள்ளட்டும் என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு பலமுறை யோசித்தேன். நான் அவருக்குக் கொடுத்தது அவர் எனக்குக் கொடுத்தது. அக்கா பூ விற்றால் அது டீக்கடைக்கு, டீக்கடையிலிருந்து எங்களுக்கு. தெருவுக்குள்ளேயே சுற்றிச்சுற்றி வருகிற காசு ஒவ்வொரு சுற்றுக்கும் குறைந்துகொண்டே வந்தது. எவ்வளவு யோசித்தும் என்னால் செய்ய முடிந்தது ஒன்றும் இல்லை. யாரோ எங்கேயோ முடிவு செய்ய வேண்டும், நாங்கள் திறந்துவைத்துக் காத்திருக்க வேண்டும்.

நவராத்திரி ஆரம்பிக்கும் நாளில் புது வரி வந்தது. அண்ணாச்சி வெள்ளை வேட்டியில் வந்தார். முந்தின நாளே டிவிகளின் விலைச் சீட்டை மாற்றி எழுதியிருந்தேன். பழைய விலையை அடித்துவிட்டுப் புது விலையைச் சிவப்பில் எழுதச் சொன்னார். பாதி எழுதிய மாமியின் பில்லைக் கிழிக்காமல் வைத்திருந்தேன். அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டேன்.

பத்து மணி ஆயிற்று. தி.நகரில் பெரிய கடைகளில் கூட்டம் தாங்கவில்லை என்று டீக்கடைக்காரர் வந்து சொன்னார். அங்கே வரி குறைந்ததோடு தள்ளுபடியும் உண்டாம், தவணையும் உண்டாம். அப்போ இங்கேயும் வருவாவ என்றார் அண்ணாச்சி.

மாமி வந்தார். பட்டுப்புடவை, தலையில் பூ. தடுப்பின் இடைவெளியில் புடவை மாட்டிக்கொள்ளாமல் ஒருக்களித்து நுழைந்தார். அண்ணாச்சி நாற்காலியைத் துடைத்தார். மாமி உட்காரவில்லை.

"தப்பா எடுத்துக்காதேள் அண்ணாச்சி. உங்ககிட்டதான் வாங்கணும்னு நான் சொன்னேன். அவன் ராத்திரியே ஃபோன்ல புக் பண்ணிட்டான். கார்டுக்கு ஏதோ இன்னும் குறையறதாம். எனக்கே காலம்பறதான் தெரியும்."

"இருக்கட்டும் மாமி. யாருகிட்ட வாங்குனா என்ன? மாமா கிரிக்கெட் பாத்தாச் சரி."

"ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேணும். கொலுவுக்குச் சீரியல் பல்பு போடணும்." மாமி கொஞ்சம் தயங்கினார். "இதுக்கும் வரி குறைஞ்சிருக்கோ?"

குறையவில்லை. அது எனக்குத் தெரியும். அண்ணாச்சிக்கும் தெரியும். பொய் வராத மனுஷன் என்று சொன்னேன் அல்லவா?

"குறைஞ்சிருக்கு மாமி," என்றார். எழுதியிருந்த விலையில் கொஞ்சம் கழித்துச் சொன்னார். மாமி கொடுத்த பணத்தை இரண்டு கண்ணிலும் ஒற்றிக் கல்லாவில் போட்டார். மாமி என்னிடம் குங்குமச் சிமிழை நீட்டி, "சாயந்தரம் கொலுவுக்கு வா, சுண்டல் உண்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணாச்சி டீக்கடைக்குக் கையைக் காட்டினார். எனக்கும் பூக்கார அக்காவுக்கும் சேர்த்து மூன்று. அக்காவிடம் ஒரு முழம் கேட்டார். அக்கா இரண்டு முழமாக அளந்து கொடுத்தார். ஒரு வார்த்தை கேலி பேசவில்லை.

கடை மூடும்வரை வேறு யாரும் வரவில்லை. விளக்கு வைத்த பிறகு அண்ணாச்சி கட்டடக்காரரைக் கூப்பிட்டு, இந்த மாதத்தோடு கடையை விட்டுவிடுகிறேன் என்று சொன்னார். ஃபோனை வைத்துவிட்டு, "அந்த டிவி எல்லாத்தையும் அமத்திரும்மா," என்றார். ஒவ்வொன்றாக அணைத்தேன். கொலுவுக்கு நான் போகவில்லை.

மறுநாள் பத்தரை மணிக்கு, விற்காத டிவிகளைத் திருப்பி எடுத்துக்கொள்ள மொத்த வியாபாரியின் வண்டி வந்தது. தடுப்பு இருந்ததால் உள்ளே வர முடியாமல் தெருமுனையிலேயே நின்றது. ஆட்கள் டிவிகளை இடைவெளி வழியாகத் தூக்கிப் போனார்கள். அண்ணாச்சி டீ குடிக்கவில்லை. மதியத்துக்கு முன்பே நான் சைதாப்பேட்டை பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.